உப்புக் காற்றில் ஹேண்ட்பிரேக்

எங்கள் பக்கம் மேடே கிடையாது. உச்சிப்புளியிலிருந்து மண்டபம் வரை தட்டை ரோடு. ஹேண்ட்பிரேக்கைத் தொடாமலே பத்து வருஷம் கார் ஓட்டிவிடலாம். நானும் அப்படித்தான் ஓட்டினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பாம்பன் ரோடு பாலத்தில், வேடிக்கை பார்க்க நின்ற வண்டிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். பாலம் ஏறிப் போகும் இடம். லீவரைக் கடைசிவரை இழுத்தும் கார் மெல்லப் பின்னால் நகர்ந்தது. பின்னால் ஒரு டூரிஸ்ட் வேன்.

மறுநாள் ஒரு பட்டறையில், லீவரிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் கேபிளின் நட்டை நாலு சுற்று முறுக்கி அனுப்பினார்கள். லீவர் ஜோராக நின்றது. வீடு வந்து சேர்வதற்குள் பின்சக்கரத்தில் தீய்ந்த வாடை. சக்கரத்தோடு சுற்றும் இரும்புக் கிண்ணம்தான் டிரம்; அதை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் வளைந்த துண்டு ஷூ. அந்த ஷூ தேய்ந்து விலகியிருந்ததைக் கேபிளை இழுத்துச் சமாளித்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் டிரம்முக்குள் ஷூவோடு சேர்ந்த சின்ன லீவர் முழுசாகப் பழைய இடத்துக்குத் திரும்பாது. தானாக அட்ஜஸ்ட் ஆகிற அமைப்பும் வேலை செய்யாது. முதலில் ஷூ, அப்புறம்தான் கேபிள். இந்த வரிசை மாறக் கூடாது.

பின்னால் டிரம் பிரேக், உள்ளே இரண்டு ஷூவின் இடைவெளியைக் கூட்டிக் குறைக்கும் பல்சக்கர அட்ஜஸ்டர் உள்ள கார்களுக்கு இது பொருந்தும். என்னுடையது முன்சக்கரம் இழுக்கும் பழைய சின்ன கார். காரை முதல் கியரில் போட்டு, முன்சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கல் வைத்து, ஹேண்ட்பிரேக்கை இறக்கிவிடுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாக இளக்கிவிடுங்கள். எங்கள் வீட்டு முற்றம் மணல்; ஜாக்கி புதையும். அப்பாவின் பழைய படகுப் பலகை ஒன்றை அடியில் போடுகிறேன். பின்பக்கத்தைத் தூக்கியதும் காரைத் தாங்கும் ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். ஹாலோ பிளாக் கல்லை நம்பாதீர்கள், சொல்லாமல் உடையும்.

லீவர் அடியில் இருக்கும் கேபிள் நட்டை நன்றாகத் தளர்த்திவிட்டு, சக்கரத்தை எடுத்துவிட்டு டிரம்மைக் கழற்றுங்கள். கடலோரத்தில் பாதி நேரம் இதற்கே போகும். டிரம் முகத்தில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும், பெரும்பாலும் எட்டு எம்எம் போல்ட் ஏறும். இரண்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினால் டிரம் வெளியே வரும். சுத்தியலால் விளிம்பில் அடித்தால் விரிசல் விடும்.

உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதக் கூடாது, நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் அடித்துத் துணியால் துடையுங்கள். விசைப்படகு ஓட்டிய அப்பாவுக்கு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்துதான்: "ஏத்தா, கொஞ்சம் டீசல ஊத்திக் கழுவு, பளிச்சுனு வந்துரும்." இன்ஜினுக்குச் சரி, ஷூவில் எண்ணெய் பட்டால் பிரேக் பிடிக்காது. ஷூ மேல் ஒட்டிய, தேயும் பட்டையான லைனிங் ஒரு மில்லிமீட்டரை நெருங்கியிருந்தால் இரண்டு பக்கமும் புது ஷூ. கால் பிரேக்கில் ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டரின் ரப்பரைச் சுற்றி ஈரம் கசிந்தால் அத்தோடு நிறுத்திவிட்டு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

அட்ஜஸ்டர் மரையில் உப்பு ஏறி இறுகியிருக்கும். என்னுடையதை விரலால் அசைக்கவே முடியவில்லை. கழற்றி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, சூடு தாங்கும் பிரேக் கிரீஸை மரையில் மட்டும் துளி தடவுங்கள். ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கம். ஸ்பிரிங் எது எங்கே என்று குழம்பினால் பிரிக்காத பக்கத்தைப் பார்க்கலாம். இடது வலது அட்ஜஸ்டர்களும் மாறாது. பல கார்களில் அவற்றின் மரை எதிரெதிர்த் திசையில் இருக்கும். டிரம் விளிம்பில் கட்டிய துருவையும் சுரண்டிவிடுங்கள்.

இப்போது பல்சக்கரத்தை ஒவ்வொரு பல்லாகத் திருப்பி, டிரம்மை மாட்டிப் பாருங்கள். தடையில்லாமல் உள்ளே போக வேண்டும், சுற்றினால் 'சர்' என்று லேசாக உரச வேண்டும். இரண்டு டிரம்மையும் மாட்டியபின் கால் பிரேக்கைப் பத்துப் பதினைந்து முறை அழுத்துங்கள், ஷூ நடுவில் வந்து உட்காரும். மறுபடி சுற்றிப் பாருங்கள். கை வலிக்கச் சுற்ற வேண்டியிருந்தால் ஒரு பல் பின்னால் திருப்புங்கள்.

கேபிள் வேலை சின்னது. ஐந்தாவது ஆறாவது கிளிக்கில் இரண்டு சக்கரமும் கையால் சுற்ற முடியாதபடி நிற்கும்வரை நட்டை முறுக்குங்கள். உங்கள் காரின் கையேட்டில் எண்ணிக்கை போட்டிருந்தால் அதுதான் கணக்கு. லீவரை இறக்கியதும் இரண்டும் தாராளமாகச் சுற்ற வேண்டும். ஒன்று மட்டும் இறுக்கமாகவே நின்றால் அந்தப் பக்கக் கேபிள் பெரும்பாலும் உறைக்குள் துருப்பிடித்திருக்கும். எண்ணெய் விட்டு மல்லுக்கட்டாமல் மாற்றிவிடுங்கள்.

சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, நட்டுகளைக் குறுக்கு வாட்டில் முறுக்குங்கள். சோதிக்கப் பாலத்துக்குப் போக வேண்டாம். ஆளில்லாத இடத்தில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் கிளட்சை மெல்ல விடுங்கள். கார் நகராமல் இன்ஜின் திணற வேண்டும். அப்புறம் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு டிரம் பக்கத்தில் கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள், தொட வேண்டாம். ஒரு பக்கம் மட்டும் தணல் மாதிரி அடித்தால் அங்கே இன்னும் இறுக்கம்.

தனுஷ்கோடி போய்வந்தால் சக்கரங்களைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் எங்கள் போர் தண்ணீரே உப்பு. காவிரித் தண்ணீர் வரும் நாளில் ரெண்டு குடம் காருக்கு எடுத்துவைத்தேன் என்று அம்மாவிடம் வாங்கிய திட்டு தனிக்கதை. கழுவியதும் பிரேக்கை லேசாக அழுத்தியபடி தெருக்கோடிவரை ஓட்டி ஈரத்தைக் காயவிடுங்கள். நாலைந்து நாள் காரை எடுக்கப் போவதில்லை என்றால் ஹேண்ட்பிரேக் இழுக்காமல் கியரில் போட்டுக் கல் வையுங்கள். இழுத்தே வைத்திருந்தால் இந்தக் காற்றில் ஷூ டிரம்மோடு ஒட்டிக்கொள்ளும். தினமும் ஓட்டும்போது, மேடு இல்லாவிட்டாலும், நிறுத்துமிடத்தில் ஒருமுறை இழுத்து விடுங்கள், கேபிள் அசையட்டும்.