எலும்பு அறுவைச் சிகிச்சை பில்லில் சி-ஆர்ம் கட்டணத்தைச் சரிபார்க்கும் முறை

தொடை எலும்புக்குள் கம்பி செலுத்தும்போதும் இடுப்பில் தகடும் திருகும் பொருத்தும்போதும், அவை உரிய இடத்தில் அமர்ந்தனவா என்பதை மருத்துவர் சி-ஆர்ம் என்னும் எக்ஸ்ரே இயந்திரத்தின் திரையில் பார்த்தபடியே வேலை செய்கிறார். ஆகவே மதுரையில் தனியார் மருத்துவமனை தரும் பில்லில் அந்தக் கட்டணம் இருப்பது தவறல்ல. அது எத்தனை முறை, எந்தத் தலைப்பின் கீழ் எழுதப்பட்டிருக்கிறது என்பதையே கவனிக்க வேண்டும்.

அறுவைக்கு முன்பே எஸ்டிமேட்டை எழுத்தில் வாங்குங்கள். பேக்கேஜில், அதாவது அறுவைக்கு என்று மொத்தமாகப் பேசும் தொகையில், சி-ஆர்ம் அடங்குமா என்று கேட்டு, அடங்கும் என்றால் அதை அந்தத் தாளிலேயே குறித்துத் தரச் சொல்லுங்கள். தனிக் கட்டணம் என்றால், அது அறுவை ஒன்றுக்கு இவ்வளவா, மணிக்கு இவ்வளவா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

டிஸ்சார்ஜ் அன்று மொத்தத் தொகை மட்டும் அச்சிட்ட தாளோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு செலவும் தனித்தனியே உள்ள விவரமான பில்லைக் கேட்டு வாங்குங்கள். தியேட்டர் சார்ஜ் (அறுவை அரங்கக் கட்டணம்), இன்வெஸ்டிகேஷன் (சோதனைகள்) ஆகிய இரு பகுதிகளிலும் சி-ஆர்ம் வருகிறதா என்று பேனாவால் குறித்துக்கொண்டே வாருங்கள்; பேக்கேஜில் அடங்கிய பிறகும் தனி வரியாக வந்திருந்தால் அது இரட்டைக் கட்டணம். அறுவை முடிந்தபின் எடுக்கும் எக்ஸ்ரே வேறு. அதற்குத் தனிக் கட்டணம் நியாயமே. அறுவைக் குறிப்பில் சி-ஆர்ம் பயன்படுத்தியது எழுதப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். இல்லையென்றால் காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பக்கூடும்.

எக்ஸ்ரே ஃபிலிம், படங்களைப் பதிந்து தரும் சிடி தட்டு ஆகியவற்றை அறுவைக் கட்டணத்துக்குள்ளேயே அடங்கும் பொருள்களாகக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ பட்டியலிட்டுள்ளது. அவை தனி வரியாக வந்தால் காப்பீட்டு நிறுவனம் தராது, உங்கள் கையிலிருந்துதான் போகும் என்பதால், பணம் கட்டும் முன்பே பில்லிங் கவுண்டரில் நீக்கச் சொல்லுங்கள்.

பலரும் அதிகம் இழப்பது அறை வாடகையால்தான். பாலிசி நாளுக்கு ரூ.3,000 அனுமதிக்கும்போது ரூ.4,500 அறையில் தங்கினால், தியேட்டர் கட்டணம் உள்ளிட்டவற்றிலும் அதே விகிதத்தில் கழித்து மூன்றில் இரண்டு பங்கே கிடைக்கலாம்; ரூ.6,000 சி-ஆர்ம் கட்டணத்துக்கு ரூ.4,000தான் வரும். ஆனால் அறைக்கு அறை மாறாத கட்டணத்தில் இந்த விகிதக் கழிவைச் செய்யக்கூடாது என்பது 2020இல் ஐஆர்டிஏஐ வகுத்த விதி. நோயறிதல் சோதனைகள், உள்ளே பொருத்தும் கம்பி, தகடு ஆகியவற்றின் விலையிலும் இக்கழிவு கூடாது. எனவே பொது வார்டுக்கும் தனி அறைக்கும் சி-ஆர்ம் கட்டணம் ஒன்றே என்றால், அதைக் காட்டும் கட்டணப் பட்டியலையோ மருத்துவமனையின் கடிதத்தையோ வாங்கிக் கிளெய்முடன் இணைத்துவிடுங்கள். இந்த ஒரு தாளை வாங்க மட்டும் தயங்கவே தயங்காதீர்கள்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அனுமதி பெற்ற அறுவைக்குப் பேக்கேஜ் தொகையை மருத்துவமனைக்கு அரசுத் திட்டமே தருகிறது. அதில் சி-ஆர்முக்கு என்று தனியே பணம் கேட்டால், கட்டும் முன் 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் விசாரியுங்கள்.

தனியார் காப்பீட்டில் தொகை குறைக்கப்பட்டால், எந்த வரியில் எவ்வளவு, பாலிசியின் எந்த நிபந்தனைப்படி என்று எழுத்தில் கேளுங்கள். பிறகு அந்த நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் அனுப்புங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை.