ஆங்கிலச் சொல்லில் சிலபிள் எண்ணும் நிரல்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிலபிள் என்பது ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு. தமிழில் அதை எண்ணுவது சுலபம். புள்ளி வைத்த எழுத்தையும் ஆய்தத்தையும் விட்டுவிட்டு மிச்சத்தை எண்ணினால் போதும். (அசை என்று சொல்லாததற்குக் காரணம், நிரையசை ஒன்றிலேயே இரண்டு சிலபிள் இருக்கும்.) அதே தைரியத்தில் ஆங்கிலத்துக்குப் போகிறவர்கள், உயிரெழுத்துக் கூட்டங்களை எண்ணும் ஒரு ரெஜெக்ஸோடு (எழுத்து வடிவங்களைத் தேடும் குறிமுறை) வேலை முடிந்தது என்கிறார்கள்.

கடைசி 'இ'யைக் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவது

'மேக்' சொல்லின் ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசியில் வரும் இ (e) ஒலிக்காது, வெட்டலாம். அதே கத்தி 'டேபிள்' மேல் விழுந்தால் இரண்டு ஒன்றாகிவிடும். 'ரெசிபி' மூன்றிலிருந்து இரண்டாகும். 'தி' (the) சொல்லில் இருந்த ஒரே உயிரும் போய்ப் பூஜ்யம் வரும்.

பூஜ்யத்தைக் கண்டதும் 'குறைந்தது ஒன்று' என்று மேக்ஸ் போட்டு மூடுவார்கள். எரிச்சலே அங்கேதான். 'தி' சரியாகும். ஆனால் ஒய்யை உயிராகச் சேர்க்காத நிரலில் 'ரிதம்' பூஜ்யமாகி, மேக்ஸ் அதையும் ஒன்றாக்கும். விடை இரண்டு. பூஜ்யம் என்றால் சோதனையில் கண்ணில் பட்டிருக்கும். ஒன்று நம்பும்படி இருப்பதால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

இதற்கு விலை உண்டு. ஓர் ஆங்கில உரை படிக்க எவ்வளவு எளிது என்று மதிப்பெண் தரும் ஃப்ளெஷ் வாசிப்பு எளிமைச் சூத்திரம் சொல்லுக்கான சராசரி சிலபிளை 84.6ஆல் பெருக்கிக் கழிக்கிறது. பத்துச் சொல்லுக்கு ஒரு சிலபிள் விட்டாலே மதிப்பெண் 8.46 ஏறிவிடும்.

வெட்டுமுன் பாருங்கள்: சொல்லில் வேறு உயிர் உண்டா? முடிவு எல்-இ என்றால் அதற்கு முன் மெய்யா உயிரா? மெய் என்றால் ('லிட்டில்') விட்டுவிடுங்கள், உயிர் என்றால் ('ஸ்மைல்') வெட்டுங்கள். 'ரெசிபி' எந்த விதிக்கும் அடங்காது, விதிவிலக்குப் பட்டியலில் போடுங்கள். 'ஹோம்வொர்க்' நடுவிலுள்ள ஊமை இ இந்தக் கத்திக்கு எட்டவே எட்டாது.

இ-டி விகுதி

'வாக்டு' ஒன்று, 'வான்டட்' இரண்டு. இ-டியில் முடிவதெல்லாம் விகுதி அல்ல: 'ஹண்ட்ரட்'.

ஒட்டி நிற்கும் உயிர்கள்

இ-ஏ ஜோடி 'ஈட்'டில் ஒன்று, 'ஐடியா'விலும் 'கிரியேட்'டிலும் இரண்டு. எழுத்தை மட்டும் பார்த்து இதைப் பிரிக்க முடியாது.

சொந்த வாயை நம்புவது

'ஃபிலிம்' நம் வாயில் இரண்டு, ஆங்கிலத்தில் ஒன்று.

அகராதியைக் கடைசியில் தேடுவது

கார்னெகி மெலன் பல்கலைக்கழக உச்சரிப்பு அகராதி இலவசம். 1,30,000க்கு மேற்பட்ட சொற்கள். ஒவ்வோர் உயிரொலியின் வாலிலும் 0, 1, 2 என அழுத்தக் குறி இருக்கும். அந்தக் குறிகளை எண்ணினால் அதுவே சிலபிள் கணக்கு. முதலில் அங்கே தேடுங்கள். அங்கே இல்லாத சொல்லுக்கு மட்டும் மேலே சொன்ன விதிகள். 'ஃபயர்' போன்ற சொற்களுக்கு அதிலேயே இரண்டு உச்சரிப்பு கிடைக்கும், ஒன்றில் இரண்டு சிலபிள், மற்றதில் ஒன்று. முதல் உச்சரிப்பை எடுப்பதானால் எல்லாச் சொல்லுக்கும் முதல் உச்சரிப்பையே எடுங்கள்.