சின்ன லேத்துக்கு நாமே செய்யும் கேரேஜ் ஸ்டாப்

அப்பாவின் விசைத்தறிக்கு பத்து புஷ் (தண்டு சுழலும் சின்னக் குழாய் போன்ற உறை) தேவைப்பட்டது. பத்தும் 18 மி.மீ நீளம். வீட்டு லேத்தில் (கடைசல் இயந்திரம்) இரண்டு நாள் உட்கார்ந்து கடைந்து, கடைசியில் வெர்னியர் அளவுகோல் வைத்துப் பார்த்தேன். சிறியதற்கும் பெரியதற்கும் 0.4 மி.மீ வித்தியாசம். ஒவ்வொரு முறையும் கோட்டைக் கண்ணால் பார்த்து கேரேஜை (வெட்டும் டூலைத் தாங்கி நகரும் பகுதி) நிறுத்தினால் அப்படித்தான் வரும். கோவை கணபதியில் முப்பது வருடம் டர்னராக (லேத் ஓட்டுபவர்) இருந்த பக்கத்து வீட்டு அண்ணனிடம் காட்டினேன். "கண்ணுல அளவு நிக்காதுங் கண்ணு, மொதல்ல ஒரு ஸ்டாப்பர் பண்ணிப் போடு" என்றார். கேரேஜ் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் முட்டி நிற்க, லேத்தில் இறுக்கி வைக்கும் தடுப்புதான் இந்த ஸ்டாப்பர், அதாவது கேரேஜ் ஸ்டாப்.

புதிதாக லேத் வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது இதுதான் என்பது என் கருத்து. குயிக் சேஞ்ச் டூல் போஸ்ட் (டூலைச் சட்டென்று மாற்றும் பிடி), டிஜிட்டல் ஸ்கேல் எல்லாம் அப்புறம் பார்க்கலாம். இதற்குப் பெரிய செலவும் இல்லை. பம்பும் மோட்டாரும் தறியும் ஓடுகிற ஊர் நம்முடையது. கோவை, பல்லடம் பக்கம் பழைய இரும்புக் கடைகளில் துண்டு இரும்பை எடைக்கே வாங்கிவிடலாம்.

வேண்டியவை: 25 மி.மீ சதுர இரும்புக் கட்டை 60 மி.மீ நீளம், 10 மி.மீ கனத்தில் ஒரு எம்.எஸ். பிளாட் (மைல்ட் ஸ்டீல் பட்டை) துண்டு, 16 மி.மீ பிரைட் பார் (வழவழப்பான உருட்டு இரும்பு) கொஞ்சம், முழு நீளமும் மரை உள்ள எம்6 அல்லன் போல்ட் (தலையில் அறுகோணக் குழி உள்ளது) 70 மி.மீ ஒன்று, அதற்கு ஒரு நட், எம்8 அல்லன் போல்ட் ஒன்று. எம்6, எம்8 டேப் (ஓட்டைக்குள் மரை வெட்டும் கருவி) இரண்டும் கையில் இருக்கட்டும்.

படி 1: கட்டையில் வி பள்ளம்

இந்தக் கட்டை, லேத்தின் நீண்ட அடித்தளமான பெட்டின் முன்பக்க வி மேல் (கேரேஜ் ஓடும் தலைகீழ் வி வடிவ மேடு) குறுக்காக உட்கார வேண்டும். முதலில் ஒரு அட்டையை வெட்டி வெட்டி, பெட்டின் மேல் வைத்துப் பார்த்து, வெளிச்சம் தெரியாத வரை சரி செய்யுங்கள். வி-க்கு முன்னால் கட்டை கிட்டத்தட்ட 20 மி.மீ வெளியே நீட்டிக்கொண்டிருக்கட்டும். அந்த வடிவத்தைக் கட்டையில் வரைந்து, ஹாக்ஸாவால் இரண்டு சாய்வு வெட்டு கொடுத்து, மிச்சத்தை அரத்தால் ராவுங்கள். மில்லிங் மெஷின் வேண்டியதில்லை, பொறுமை இருந்தால் போதும்.

பள்ளத்தின் அடியில் ஒரு சின்ன வெட்டு ஆழமாகக் கொடுத்துவிடுங்கள். வி-யின் உச்சி கட்டையைத் தொடவே கூடாது, இரண்டு சாய்வுகள் மட்டும் படிய வேண்டும். பெட்டில் மார்க்கிங் ப்ளூ (படும் இடத்தைக் காட்டும் நீல மை) லேசாகத் தடவி கட்டையை வைத்து எடுத்தால், எங்கே இன்னும் ராவ வேண்டும் என்று நீலமே சொல்லிவிடும். எனக்கு இதற்கு ஒரு மாலை முழுவதும் போனது. இந்த வேலையில் அவசரப்பட்டால் கட்டை ஆடும், ஆடினால் ஸ்டாப் போட்டும் பயன் இல்லை.

ராவும் வேலையை பெட்டின் மேல் செய்யாதீர்கள். அரத்தூள் வி மேல் விழுந்தால் கேரேஜ் அதைத் தேய்த்துக்கொண்டே போகும்.

படி 2: பிடிமானம்

கேரேஜ் மேலே எழும்பாமல் இருக்க பெட்டுக்கு அடியில் ஒரு விளிம்பு உண்டு. நம் பிளாட் துண்டின் ஒரு முனை அந்த விளிம்புக்கு அடியில் போக வேண்டும். மறுமுனைக்கும் கட்டைக்கும் நடுவில், விளிம்பின் கனத்துக்குச் சமமாக ஒரு துண்டு கொடுங்கள். விளிம்புக்கும் இந்தத் துண்டுக்கும் இடையில் எம்8 போல்ட். கட்டையில் 9 மி.மீ ஓட்டை, பிளாட்டில் 6.8 மி.மீ ஓட்டை போட்டு டேப் அடிக்கவும். அல்லன் கீயை மேலிருந்து திருகினாலே இறுகிவிடும். போல்ட்டின் அடி முனை லீட் ஸ்க்ரூவில் (கேரேஜை நகர்த்தும் நீண்ட மரைத் தண்டு) இடிக்காத அளவுக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

படி 3: அளவு காட்டும் திருகு

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். எம்6 மரையின் பிட்ச் சரியாக 1 மி.மீ. ஒரு சுற்றுச் சுற்றினால் முனை 1 மி.மீ நகரும். அப்படியென்றால் தலையைச் சுற்றிப் பத்துக் கோடு போட்டுவிட்டால், ஒரு கோட்டுக்கு 0.1 மி.மீ.

கட்டையில், வி-யின் உச்சிக்கு நேர் மேலே, கீழிருந்து 16 மி.மீ உயரத்தில், பெட்டுக்கு இணையாக 5 மி.மீ ஓட்டை போட்டு எம்6 டேப் அடியுங்கள். ஓட்டை கோணலாகப் போனால் திருகும் கோணலாக நிற்கும். எனவே கை ட்ரில் வேண்டாம், பக்கத்துப் பட்டறையில் ட்ரில்லிங் மெஷினில் போட்டு வாங்குங்கள்.

இப்போது தலை. 16 மி.மீ பாரை சக்கில் (பொருளைப் பிடித்துச் சுற்றும் பகுதி) பிடித்து, 500 ஆர்.பி.எம். சுற்றில் 15.9 மி.மீ-க்குக் கடையுங்கள். ஏன் 15.9? அப்போது சுற்றளவு 50 மி.மீ-க்கு மிக அருகில் வரும். ஒரு காகிதப் பட்டையில் சாதாரண ஸ்கேலை வைத்து 5 மி.மீ-க்கு ஒரு கோடு போட்டுச் சுற்றினால் பத்துப் பிரிவு கச்சிதமாக விழும். கோடுகளைக் கூர்மையான கத்தியால் கீறிவிட்டு, 10 மி.மீ ஓட்டை போட்டு, 8 மி.மீ நீளத்தில் வெட்டி எடுங்கள். எம்6 அல்லன் போல்ட்டின் தலை 10 மி.மீ விட்டம்தான், அதை உள்ளே வைத்து அரால்டைட் போட்டு ஒரு இரவு விடுங்கள். அல்லன் கீ போகும் குழிக்குள் பசை இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

போல்ட்டின் முனையைத் தட்டையாக ராவி, கேரேஜின் சமமான பக்கத்தில் படும்படி வையுங்கள். நட்டைப் போட்டு இறுக்கினால் திருகு அசையாது.

பயன்படுத்தும்போது

ஆட்டோ ஃபீடில் (மெஷினே கேரேஜை நகர்த்துவது) ஓடவிட்டு ஸ்டாப்பில் மோதவிடாதீர்கள். இது கையால் தள்ளி நிறுத்துவதற்கு மட்டும். சின்ன லேத்துகள் பலவற்றில் கியர் பிளாஸ்டிக். கேரேஜ் நின்று லீட் ஸ்க்ரூ சுற்றிக்கொண்டே இருந்தால் பல் உடையும். ஸ்டாப்புக்கு 2 மி.மீ முன்னாலேயே ஹாஃப் நட்டை (கேரேஜை லீட் ஸ்க்ரூவோடு இணைக்கும் பிடி) விடுவித்து, மீதியைக் கைச்சக்கரத்தால் கொண்டுபோங்கள். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்திப் பிடித்தால் அதுவே சில நூறில் ஒரு பங்கு மி.மீ மாற்றிவிடும். தொடும் இடத்தில் சீவல் மாட்டியிருக்கிறதா என்று பிரஷ்ஷால் தட்டிப் பாருங்கள்.

 

ஸ்டாப் போட்ட பிறகு அதே அளவில் புதிதாகப் பத்து புஷ் கடைந்தேன். எல்லாம் 0.03 மி.மீ-க்குள் வந்தன. அண்ணன் ஒன்றை எடுத்து, இன்னொன்றின் பக்கத்தில் தட்டில் நிறுத்தி, விரலால் மேலே தடவிப் பார்த்தார். பிறகு தன் பழைய டயல் கேஜை எடுத்து வரப் போனார்.