“இது நிஜமா நடந்துச்சா?”ன்னு குழந்தை கேட்டா என்ன சொல்றது

சாமி கதைல கடல் ரெண்டா பிளக்குது, மந்திரவாதி கதைல கம்பளம் பறக்குது. ரெண்டையும் ராத்திரி நீங்கதான் சொல்றீங்க, அதே குரல்ல. அப்போ குழந்தை கேக்கத்தான் செய்யும். உடனே பதில் சொல்லாம “உனக்கு என்ன தோணுது, ஏன் அப்படித் தோணுது”ன்னு கேட்டுப் பாருங்க, பாதி நேரம் நம்மள விட தெளிவா இருப்பாங்க.

பக்தியா வளர்த்தா கற்பனை எது நிஜம் எதுன்னு பிள்ளைக்குத் தெரியாம போயிடும்னு ஒரு பேச்சு இருக்கு. 2014-ல அமெரிக்கால கேத்லீன் காரிவோ, பால் ஹாரிஸ் எல்லாம் சேர்ந்து வெளியிட்ட ஆய்வைத்தான் காட்டுவாங்க. 5, 6 வயசுப் பிள்ளைங்ககிட்ட குட்டிக் கதை சொல்லி, இதுல வர்றவர் நிஜ ஆளா கற்பனையான்னு கேட்டாங்க. சாதாரண கதைன்னா எல்லாரும் நிஜ ஆள்னாங்க, ஆனா மாயாஜாலக் கதைல சர்ச்சுக்கோ மத ஸ்கூலுக்கோ போற பிள்ளைங்க “கற்பனை”ன்னு சொன்னது மத்தவங்கள விட குறைவு. சரி, ஆனா அப்புறம் ஈரான்ல பண்ண ஆய்வுல பிள்ளைங்க நல்லாவே பிரிச்சு சொல்லியிருக்காங்க, அங்க மதம் எவ்வளவு ஊறிப்போனதுன்னு சொல்லவே வேணாம். அதனால பதற வேணாம்.

பண்ண வேண்டியது என்னன்னா, ஒவ்வொண்ணும் உங்களுக்கு எப்படித் தெரியும்னு சேர்த்தே சொல்லுங்க. “இத நான் பார்த்தேன்”, “இத நம்ம வீட்ல நம்புறோம், நம்பாதவங்களும் இருக்காங்க”, “இது ஜாலிக்கு ஒருத்தர் எழுதின கதை”. கிருமி கண்ணுக்குத் தெரியாது, தேவதையும் தெரியாது, ஆனா கிருமி இருக்குன்னு பிள்ளைங்க இன்னும் உறுதியா சொல்றாங்கன்னு ஹாரிஸோட இன்னொரு ஆய்வு சொல்லுது. கிருமிய பத்தி பேசும்போது நாம யாரும் “நான் நம்புறேன்”னு சொல்றதில்லையே, கைய கழுவுன்னு சொல்லிட்டுப் போறோம், அத அவங்க கவனிக்கிறாங்கன்னு நினைக்கிறேன்.

சாப்பிடலன்னா சாமி கண்ணைக் குத்தும்னு மட்டும் மிரட்டாதீங்க ப்ளீஸ். அது பக்தியும் இல்ல கதையும் இல்ல, நமக்கே பொய்னு தெரிஞ்ச விஷயம், ஒருநாள் மாட்டிக்கிட்டா அப்புறம் நீங்க நிஜம்னு சொல்றதையும் சந்தேகப்படும்.

“தெரியல”ன்னு குழந்தை சொன்னா விட்டுடுங்க, நீங்களும் சொல்லலாம். ஃப்ரெண்ட் வீட்ல வேற மாதிரி சொன்னாங்கன்னு வந்தா, அவங்க பொய் சொல்றாங்கன்னு மட்டும் சொல்லாதீங்க, “அவங்க அப்படி நம்புறாங்க, நாளைக்குப் போய் அந்தக் கதைய முழுசா கேட்டுட்டு வந்து எனக்கும் சொல்லு” போதும்.