உங்கள் ஊருக்கு எந்த எரிசக்தி? வாங்கும் முன் அளக்க வேண்டியவை

முதலில் கடந்த ஓராண்டின் ஆறு மின்கட்டண ரசீதுகளை எடுத்து, யூனிட்டைக் கூட்டி 365-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் ஒரு நாள் தேவை. இதைப் போடாமல் கடைக்குப் போனால், கடைக்காரர் சொல்லும் அளவுதான் உங்கள் அளவாகிவிடும்.

தமிழ்நாட்டுச் சமவெளியில் பெரும்பாலான வீடுகளுக்குச் சூரிய மின்சாரமே சரி. 1 கிலோவாட் பேனலுக்குச் சுமார் 100 சதுர அடி இடம் வேண்டும். ஆண்டுச் சராசரியாக நாளுக்கு 4 யூனிட் கிடைக்கும். தெற்கு பார்த்து 10 முதல் 13 டிகிரி சாய்வு போதும். வேலூர், திருச்சி போன்ற வெயில் ஊர்களில் பேனல் சூடேறினால் உற்பத்தி குறையும். ஆகவே தளத்தோடு ஒட்டிப் போடாமல், அடியில் காற்று ஓட இடைவெளி விடுங்கள்.

நிழல்தான் பெரும்பாலும் ஏமாற்றும். வரிசையாக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் தண்ணீர்த் தொட்டியின் நிழல் விழுந்தாலும் வரிசை முழுவதும் உற்பத்தி குறையலாம். மார்கழியில் ஒரு நாள் காலை 9, நண்பகல் 12, மாலை 3 மணிக்கு மாடியில் நிழல் விளிம்பைச் சாக்பீஸால் கோடு போட்டுப் பாருங்கள். தெற்கே இருக்கும் தொட்டியின் நிழல் அப்போதுதான் அதிகம் நீளும். ஆனியில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடுவதால் வடக்குப் பக்கத்து மரத்தையும் கவனியுங்கள்.

மின்வெட்டுக்காக வாங்குகிறவர்கள் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். பேட்டரி இல்லாத ஆன்-கிரிட் அமைப்பு, அதாவது அரசு மின்கம்பியோடு இணைத்த அமைப்பு, கரண்ட் போனால் கொளுத்தும் வெயிலிலும் நின்றுவிடும். பேனலின் மின்சாரம் கம்பிக்குள் போய்விடாமல், கம்பத்தில் வேலை பார்ப்பவரின் உயிரைக் காக்கவே அப்படிச் செய்திருக்கிறார்கள்.

நாகப்பட்டினம், ராமநாதபுரம் போன்ற கடலோரத்தில் பேனலைவிட அதைத் தாங்கும் சட்டம்தான் முதலில் கெடும். பெயின்ட் அடித்த இரும்பு ஆங்கிள் வேண்டாம். துத்தநாகக் குழம்பில் முக்கியெடுத்த கால்வனைஸ் ஆங்கிளும், 316 ரக ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் கேளுங்கள். பொருத்தும் ஆள் மாடியில் வைத்து ஆங்கிளில் புதிதாகத் துளை போட்டால், துளையின் உள்விளிம்பில் பூச்சு போய்விடும். துரு அங்கிருந்துதான் பரவும். உடனே துத்தநாகப் பெயின்ட் பூசச் சொல்லுங்கள். உப்புப் படலத்தை விடியற்காலையில், பேனல் குளிர்ந்திருக்கும்போது மென்மையான துணியால் கழுவுங்கள். உச்சி வெயிலில் குளிர்ந்த நீர் ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடக்கூடும். போர் தண்ணீர் வெள்ளைக் கறை விட்டுப்போகும், மழைநீர் நல்லது.

காற்றாலைக்கு மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய் வாயில்களே ஏற்றவை: ஆரல்வாய்மொழிக்குக் கிழக்கே முப்பந்தல், செங்கோட்டைக் கணவாய்க்கு எதிரே கயத்தாறு பக்கம், பாலக்காட்டுக் கணவாய்க்கு எதிரே பல்லடம், உடுமலை. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் ஆற்றல் எட்டு மடங்கு, வேகம் பாதியானால் எட்டில் ஒரு பங்கு. அதனால்தான் முப்பந்தல் கணக்கு சென்னை மாடிக்குப் பொருந்தாது. சிறு காற்றாலையாக இருந்தாலும், சுற்றிலும் 300 அடிக்குள் உள்ள மரம், கட்டடம் எல்லாவற்றையும்விட 30 அடி உயர்ந்து நிற்க வேண்டும். காற்றும் வைகாசி முதல் புரட்டாசி வரைதான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வெயிலும் குறைவதால் அரசு மின் இணைப்பை விட்டுவிடாதீர்கள்.

மலையில் தோட்டத்துக்குள் ஆண்டு முழுவதும் ஓடும் ஓடை இருந்தால், அந்தத் தண்ணீரைக் குழாயில் இறக்கி மின்சாரம் எடுக்க முடியுமா என்று அளந்து பாருங்கள். தண்ணீர் குறைந்திருக்கும் மார்ச், ஏப்ரலில் 20 லிட்டர் வாளி நிரம்ப எத்தனை விநாடி என்று பாருங்கள். தண்ணீர் இறங்கும் உயரத்தைக் கொத்தனாரின் தண்ணீர் டியூபால் படிப்படியாக அளக்கலாம். விநாடிக்கு 10 லிட்டர், 20 மீட்டர் வீழ்ச்சி என்றால், இழப்பு போகச் சுமார் 1 கிலோவாட் நாள் முழுக்கக் கிடைக்கும். வனப்பகுதி ஓடையானால் அனுமதி வாங்காமல் குழாய் போடாதீர்கள்.

நான்கைந்து மாடு உள்ள வீட்டில் சமையலுக்குச் சாண எரிவாயு இருக்கும்போது வேறெதையும் தேட வேண்டாம். நாளுக்கு 2 கன மீட்டர் வாயு தரும் கலனுக்குத் தினம் 50 கிலோ சாணமும் அதே அளவு தண்ணீரும் வேண்டும். நான்கைந்து பேர் சமையல் நடக்கும். முதலில் வரும் வாயு எரியாது, வெளியே விட்டுவிடுங்கள். பினாயில் ஊற்றிக் கழுவிய தொழுவத் தண்ணீர் உள்ளே போனால் நுண்ணுயிர் செத்து வாயு நின்றுவிடும். சுடர் விட்டுவிட்டு எரிந்தால் குழாயில் நீர் தேங்கியிருக்கிறது. தாழ்வான இடத்தில் ஒரு திருகு வைத்து வடித்துவிடுங்கள். ஊட்டிக் குளிரில் வாயு மிகவும் குறைந்துவிடும்.