புற்றுநோய்ப் பதிவேட்டையும் இறப்புப் பதிவையும் இணைத்தால், எவ்வளவு நம்பலாம்?

அடையாறு புற்றுநோய் மருத்துவமனை 1980களின் தொடக்கத்திலிருந்தே சென்னைக்கான புற்றுநோய்ப் பதிவேட்டை நடத்துகிறது. இப்படிப்பட்ட பதிவேட்டில் உள்ளவர்களில் யார் இறந்துவிட்டார் என்று தெரிய, இறப்புப் பதிவோடு ஒப்பிட வேண்டும். பொதுவான அடையாள எண் இல்லையென்றால் பெயர், வயது, முகவரிதான் கதி.

1. முதலில் பெயர்களைச் சீர்செய்யுங்கள். மு. லட்சுமி, லெட்சுமி மு, லக்ஷ்மி மூவரும் ஒருவராக இருக்கலாம். இன்ஷியலைத் தனி நெடுவரிசையில் பிரித்து வையுங்கள். மூலத் தரவில் கை வைக்காதீர்கள். வயதை 60, 65 என்று குத்துமதிப்பாகச் சொல்வது நம் வழக்கம். அதனால் சில வருட வித்தியாசத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2. 1,000 நோயாளி, 5,000 இறப்பு என்றால் 50 லட்சம் ஜோடி. ஒரே பின்கோடு உள்ளவர்களை மட்டும் முதலில் ஒப்பிடுங்கள். வீடு மாறியவர்களுக்காக, பெயரின் முதல் எழுத்தை வைத்து இன்னொரு சுற்று.

3. ஒவ்வொரு ஜோடியும் எவ்வளவு பொருந்துகிறது என்று மதிப்பெண் போடுங்கள். ஃபெல்லெகி, சன்டர் என்ற புள்ளியியலாளர்கள் இருவரும் 1969இல் வகுத்த முறைதான் இன்றும் அடிப்படை. லட்சுமி பொருந்தினால் பெரிய விஷயமில்லை, மங்கையர்க்கரசி பொருந்தினால் மதிப்பு அதிகம். இரண்டுங்கெட்டான் மதிப்பெண்களை ஆளே உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

4. இனிதான் முக்கியமான வேலை. உண்மையில் ஒரே ஆளைக் குறிக்கும் 800 ஜோடி இருக்கிறது, மென்பொருள் 750 இணைத்தது, அதில் 720 சரி என்று வைத்துக்கொள்வோம். இணைத்ததில் சரியானது 96%, பிடிக்க வேண்டியதில் பிடித்தது 90%. இரண்டையும் சொல்லுங்கள். "மொத்தத்தில் 99.9% சரி" என்று யாராவது சொன்னால் மயங்காதீர்கள்: 50 லட்சம் ஜோடியில் ஒன்றைக்கூட இணைக்காமல் சும்மா இருந்தாலே 99.98% வரும்!

சரி, அந்த 800 எப்படித் தெரியும்? மருத்துவமனையிலேயே இறந்தவர்களின் பட்டியல் கையில் இருக்குமே, அவர்களை மென்பொருள் கண்டுபிடிக்கிறதா என்று பாருங்கள். அவர்களுடைய விவரம் பொதுவாகக் கொஞ்சம் ஒழுங்காக இருக்கும் என்பதால், கிடைக்கும் விகிதமும் சற்றுத் தாராளமாகவே இருக்கும்.

5. தவறியவர்கள் யார் என்று பிரித்துப் பாருங்கள். கல்யாணத்துக்குப் பிறகு பல பெண்களின் இன்ஷியல் அப்பா பெயரிலிருந்து கணவர் பெயருக்கு மாறிவிடுகிறது. தவறிய 80 பேரில் பெரும்பாலோர் பெண்கள் என்றால், இறந்தவர்களையும் உயிரோடு இருப்பதாகக் கணக்கிட்டு, பெண்கள் கூடுதல் காலம் வாழ்வதாக முடிவு வந்துவிடும். அப்படித் தெரிந்தால், பெண்களுக்கு இன்ஷியல் பொருந்தாததற்கு மதிப்பெண் குறைக்காமல் மூன்றாவது படியிலிருந்து மறுபடி ஓட்டுங்கள். அப்புறம் 96% எவ்வளவு இறங்கியது என்றும் பார்த்துவிடுங்கள்.