ஸ்ட்ராட் ட்ரெமோலோ ப்ரிட்ஜ்: ட்யூன் கலையாமல் செட் செய்யும் வழி

கம்பிகளைத் தாங்கும் ப்ரிட்ஜை அசைத்துச் சுருதியை ஏற்றி இறக்கும் கைப்பிடியான ஆர்மைத் தொட்டாலே ட்யூன் போய்விடுகிறது என்று அதைக் கழற்றி கிட்டார் பையின் பாக்கெட்டில் போட்டுவிட்டவர்கள் நிறையப் பேர். ப்ரிட்ஜ் மட்டமானது என்று முடிவுகட்டி விடுகிறார்கள். பெரும்பாலும் பாகத்தில் குறை இருப்பதில்லை, செட்டிங்கில்தான் இருக்கிறது, அதிலும் பாதி நேரம் சிக்கல் கழுத்தின் தலைப்பக்கக் கோடியில், கம்பிகள் பள்ளங்களில் அமரும் நட்டில் உட்கார்ந்திருக்கும். 1954-இல் ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு (சுருக்கமாக ஸ்ட்ராட்) வந்த ஆறு ஸ்க்ரூ ப்ரிட்ஜைத்தான் இங்கே எடுத்துக்கொள்கிறேன். விலை குறைந்த ஸ்ட்ராட் வகை கிட்டார்கள் பலவற்றில் இதே அமைப்புதான் இருக்கிறது.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடுவோம், அப்புறம் எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். ப்ரிட்ஜ் தகட்டின் முன்விளிம்பு ஆறு ஸ்க்ரூக்களில் கீல் மாதிரி தாங்கி நிற்கிறது, தகட்டுக்கு அடியில் ஒரு கனமான உலோக பிளாக் உடலைத் துளைத்துப் பின்பக்கம் வரை இறங்குகிறது. கம்பிகள் தகட்டை நட் பக்கமாக இழுத்து அதன் பின்விளிம்பைத் தூக்கப் பார்க்கின்றன. பின்பக்கக் குழிக்குள் உள்ள ஸ்பிரிங்குகள் பிளாக்கைக் கழுத்துப் பக்கமாக இழுத்து அதே விளிம்பைக் கீழே அமர்த்தப் பார்க்கின்றன. இரண்டு இழுப்பும் சமமாகும் இடத்தில் ப்ரிட்ஜ் நிற்கும், தராசு முள் போல. ஒரு கம்பியை ஏற்றினால் மற்ற ஐந்தும் இறங்குவது இதனால்தான்.

ஆகவே எந்தக் கனத்தில் கம்பி போடப்போகிறீர்கள், எந்த ட்யூனிங்கில் வாசிக்கப்போகிறீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். 9 செட்டுக்கு (மெல்லிய இ கம்பி 0.009 அங்குலம்) செய்த செட்டிங் 10 செட்டுக்கு நிற்காது. புதுக் கம்பி மாட்டி, ஒவ்வொன்றையும் விரலால் மெல்ல இழுத்துவிட்டு ட்யூன் செய்து, இறங்குவது நிற்கும் வரை அதையே திரும்பச் செய்யுங்கள். பழைய கம்பியோடு இந்த வேலையில் இறங்குவது நேர விரயம். கழுத்தின் வளைவையும் இப்போதே சரிபார்த்துக்கொள்ளுங்கள்: முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் அழுத்திப் பிடித்தால் 7, 8-ஆவது ஃப்ரெட் அருகே ஏறக்குறைய 0.25 மி.மீ. இடைவெளி இருந்தால் போதும். கழுத்துக்குள் இருந்து அந்த வளைவைச் சரிசெய்யும் ட்ரஸ் ராடைப் பிறகு தொட்டால் கம்பி இழுப்பு மாறி, செய்த வேலையெல்லாம் மறுபடி முதலில் இருந்து.

இப்போது பின்மூடியைக் கழற்றுங்கள். ஸ்பிரிங்குகள் மாட்டியிருக்கும் கொக்கித் தகடு இரண்டு நீளமான ஸ்க்ரூக்களில் நிற்கும், அதில் ஒரு ஒயர் சால்டர் செய்யப்பட்டிருக்கும். அது எர்த் ஒயர். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி அது அறுந்தால் ஆம்ப் உறும ஆரம்பித்துவிடும், கம்பியைத் தொட்டாலும் அடங்காது, எனவே அதைக் கண்ணில் வைத்துக்கொண்டே வேலை செய்யுங்கள். 9, 10 செட்டுக்கு மூன்று ஸ்பிரிங் போதும். கொக்கித் தகடு கழுத்துப் பக்கச் சுவரில் முட்டும் அளவுக்கு இறுக்கியும் ப்ரிட்ஜ் அமரவில்லை என்றால் நான்காவதைச் சேர்க்கலாம். ஸ்பிரிங் கூடக்கூட ஆர்ம் கனக்கும், அது சிலருக்குப் பிடிக்கும், எனக்கு மூன்றின் இலகுதான் பிடிக்கிறது.

அடுத்து கீல். இரண்டு கொக்கி ஸ்க்ரூக்களையும் சமமாக இறுக்கி, ட்யூனில் இருக்கும்போதே ப்ரிட்ஜ் உடலோடு தட்டையாகப் படியும்படி செய்யுங்கள். மேலே உள்ள ஆறில் இரு ஓரத்து ஸ்க்ரூக்களின் தலை தகட்டை லேசாகத் தொட்டு நிற்கட்டும். தகட்டின் பின்பக்கம் சற்றே எழும்பினாலும் அதிகம் இறுக்கிவிட்டீர்கள் என்று பொருள், கால் திருப்பு தளர்த்துங்கள். நடுவில் உள்ள நான்கையும் தகட்டுக்கு மேல் சுமார் 1.6 மி.மீ. உயர்த்தி விடுங்கள். ஆறையும் அழுத்தமாக முறுக்கி வைத்த கிட்டார்கள் ஏராளம். அப்படி வைத்தால் தகடு சுழல இடமில்லாமல் ஸ்க்ரூ தலையில் உராய்ந்து, ஒவ்வொரு முறையும் வேறு வேறு இடத்தில் வந்து நிற்கும்.

சரி, இனி மிதக்க விடுவது, அதாவது பின்விளிம்பு உடலைத் தொடாமல் எழும்பி நிற்கச் செய்வது. ஃபெண்டர் இந்த ப்ரிட்ஜுக்குச் சொல்லும் அளவு, தகட்டின் பின்விளிம்புக்கும் உடலுக்கும் இடையே 3.2 மி.மீ. இதைக் கண்ணால் பார்த்துப் பார்த்து, ட்யூன் செய்து, ஸ்க்ரூ திருப்பி, மறுபடி ட்யூன் செய்து என்று ஒரு மாலை முழுக்கத் தொலைக்கலாம். அதைவிட எளிய வழி இருக்கிறது. ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மி.மீ., எண்கள் புடைத்திராத பழைய கார்டு நான்கை அடுக்கினால் ஏறக்குறைய 3 மி.மீ. வந்துவிடும். கம்பிகளைத் தளர்த்தி, ஆர்மால் பின்விளிம்பைத் தூக்கி, அந்த அடுக்கை அடியில் நுழையுங்கள், பெயின்ட் கீறாமல் இருக்க ஒரு மெல்லிய துணி போட்டுக்கொள்ளலாம். ஸ்பிரிங்குகள் ஏற்கெனவே இறுக்கமாக இருப்பதால் ப்ரிட்ஜ் கார்டு மேல் அழுந்தி அசையாமல் நிற்கும். அப்படி நிற்கும்போது ட்யூன் செய்தால் ஒரு கம்பி இன்னொன்றை இழுத்துக் கெடுக்காது. ஆறும் சரியான சுருதியில் வந்ததும் பின்பக்கம் திருப்பி, இரண்டு கொக்கி ஸ்க்ரூக்களையும் மாற்றி மாற்றி அரைத் திருப்பு தளர்த்திக்கொண்டே வாருங்கள், கடைசியில் கால் திருப்பாகக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் கார்டைத் தொட்டுப் பாருங்கள். இறுக்கமாக இருந்த அடுக்கு ஒரு கட்டத்தில் லேசாக இழுத்தாலே வழுக்கி வரும், அங்கே நிறுத்துங்கள். கம்பியின் இழுப்பும் ஸ்பிரிங்கின் இழுப்பும் அந்த இடத்தில் சமம். கார்டை உருவியதும் சுருதி கீழே இறங்கினால் கொஞ்சம் அதிகமாகத் தளர்த்திவிட்டீர்கள், கால் திருப்பு இறுக்கினால் சரியாகும்.

ஆர்மை மேலே இழுத்துப் பாருங்கள். எல்லாக் கம்பியும் ஒரே அளவு ஏறாது: ஜி கம்பி மூன்று ஃப்ரெட் அளவு ஏறினால் பி இரண்டு ஃப்ரெட், மெல்லிய இ ஒரு ஃப்ரெட் அளவு ஏறும். ராக் கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் வாசிப்பில் குரல் மாதிரி மேலும் கீழும் வளையும் ஸ்வரங்கள் இந்த மிதப்பு இல்லாமல் வராது. கமகம் போன்ற அசைவைக் கிட்டாரில் தேடுகிறவர்களும் இதைக் கட்டாயம் முயன்று பார்க்க வேண்டும். கூடவே சில சங்கடங்களும் வரும். ஒரு கம்பியை விரலால் பக்கவாட்டில் தள்ளி பெண்ட் செய்யும்போது கூட ஒலிக்கும் கம்பிகள் சற்று இறங்கும், வலது உள்ளங்கையை ப்ரிட்ஜில் சாய்த்தால் சுருதி ஏறும், தடித்த இ கம்பியை டி-க்கு இறக்கினால் (டிராப் டி) மற்றவை எல்லாம் ஏறிவிடும். இரண்டு கம்பியைச் சேர்த்து வாசிக்கும் கன்ட்ரி பாணி டபுள் ஸ்டாப் பெண்டும் டிராப் டி-யும்தான் உங்கள் வாசிப்பு என்றால் ப்ரிட்ஜைத் தட்டையாகப் படிய வைத்துக் கீழ்நோக்கி மட்டும் பயன்படுத்துங்கள். கிட்டார் கலைஞர் எரிக் கிளாப்டன் மரத்துண்டு வைத்து அசையவே விடாமல் அடைத்து வாசித்தவர், அதுவும் மதிக்கத்தக்க தேர்வுதான்.

ப்ரிட்ஜ் உயரம் முடிந்த பிறகே ஃப்ரெட்டுக்கு மேல் கம்பியின் உயரம், அதாவது ஆக்‌ஷன். 17-ஆவது ஃப்ரெட்டில் 1.6 மி.மீ. என்று தொடங்கி, ப்ரிட்ஜில் ஒவ்வொரு கம்பியையும் தாங்கும் சேடிலின் இரு சின்ன ஸ்க்ரூக்களையும் சமமாகத் திருப்பி, ஃப்ரெட்போர்டின் வளைவை ஒட்டி ஆறையும் அமையுங்கள். கடலோர ஊர்களில் இந்தச் சின்ன ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகிவிடும், பலவந்தம் செய்தால் தலை தேய்ந்து போகும், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ராத்திரி முழுக்க ஊற விடுங்கள். அப்புறம் இன்டொனேஷன், அதாவது கழுத்து நெடுகச் சுருதி சரியாக வருவது: 12-ஆவது ஃப்ரெட்டில் அழுத்தி வாசிக்கும் ஸ்வரம் அதே இடத்தில் கம்பியை லேசாகத் தொட்டு எழுப்பும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடிலைப் பின்னால் தள்ளுங்கள், இறங்கியிருந்தால் முன்னால்.

இப்போது ஆர்மை நன்றாக இறக்கி விட்டுப் பாருங்கள். ஆறு கம்பிகளும் ஒரே பக்கமாக விலகியிருந்தால் கீலில் உராய்வு, ஓரத்து ஸ்க்ரூக்களை மறுபடி கவனியுங்கள். ஒன்றிரண்டு கம்பி மட்டும், பெரும்பாலும் ஜி, சற்று ஏறி நின்று, அதை ஒரு முறை பெண்ட் செய்ததும் ஒழுங்காகிவிட்டால் அது நட்டில் சிக்குகிறது. ஆர்மை இறக்கும்போது கம்பி தளர்ந்து ட்யூனிங் கீ பக்கமாகச் சிறிது நழுவிப் போய், நட்டின் பிடியால் திரும்பி வர முடியாமல் நிற்கிறது. ட்யூன் செய்யும்போது ‘டிங்’ என்று சத்தம் வருவதும் இதே காரணத்தால்தான். கம்பியைத் தூக்கி அந்தப் பள்ளத்தில் கூரான பென்சிலால் நன்றாகத் தேயுங்கள், தலைப்பகுதியில் கம்பியை அழுத்திப் பிடிக்கும் சின்ன ஸ்ட்ரிங் ட்ரீயின் அடியிலும் அதே மருந்து. அதற்கும் அடங்கவில்லை என்றால் பள்ளம் கம்பிக்குக் குறுகலாக இருக்கிறது, அதை அகலப்படுத்தத் தனி அரம் வேண்டும், அனுபவமுள்ளவரிடம் கொடுப்பது நல்லது. கீயில் கம்பி இரண்டு மூன்று சுற்றுக்கு மேல் இருந்தாலும் நழுவும்.

மூடியைப் போடும் முன் ஸ்பிரிங்குகளுக்கு அடியில் ஒரு துண்டு ஸ்பாஞ்ச் வைத்தால் கம்பியை நிறுத்திய பிறகும் கேட்கும் அந்த ரீங்காரம் அடங்கும். கார்டு நான்கையும் ரப்பர் பேண்ட் போட்டு கிட்டார் பையிலேயே வைத்துவிடுங்கள். அதே கனத்தில் கம்பி மாற்றும் நாளில், பழையதைத் தளர்த்தும் முன் அதை அடியில் நுழைத்துவிட்டால் ஸ்பிரிங் பக்கம் கைவைக்கவே தேவையிருக்காது.